கிருத்திகை விரதமிருந்த ஏஞ்சல் மீன்

இன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் கலர் மீன் கடையில் நின்றிருந்தேன். பள்ளிப்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் வந்த ஓர் அக்கா, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்காரரிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏஞ்சல் சாதுன்னுதானே சொன்னீங்க? நேத்து ஒரே நாள்ல, கூட இருந்த ஆறு குட்டி நியான் டெட்ரா மீனையும் முழுங்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி சுத்திகினு இருக்குது.”

பத்து வருடமாக மீன் வளர்ப்பவன் நான். என் வாய் சும்மா இருக்குமா?

“தீனி என்னக்கா போட்டீங்க?”

“தினமும் காஞ்ச புழு போடுவேங்க. நேத்து கிருத்திகை, வீட்ல கவுச்சி ஆவாது. அதான் கோயில் குளத்துல போடற மாதிரி பொரி போட்டேன்.”

ஏஞ்சலுக்குப் பொரி. விரதத்தை அது தன் வழியில் முடித்துக்கொண்டுவிட்டது.

தீர்ப்பைச் சொன்னேன். “பசிச்சாலும் பசிக்கலன்னாலும், அது வாய்க்குள்ள போற சைஸ்ல எந்த மீனையும் அதோட விடாதீங்க. ஏஞ்சலைத் தனித் தொட்டிக்கு மாத்துங்க. பழைய தொட்டில மோலி, பிளாட்டி மீனுங்கள விடுங்க. ரெண்டும் ஒத்துப்போவும். கிருத்திகைக்கு வேகவச்ச கீரை போட்டாலும் துன்னும்.”

அக்கா அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“அந்த ஏஞ்சல் எங்க வீட்டுக்காரர் மாதிரிங்க. கிருத்திகைன்னா வீட்ல சாம்பார் சாதத்தை அமைதியா சாப்ட்டு, அரக்கோணத்துல வேலைன்னு போய் பிரியாணி துன்னுட்டு வருவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருக்காரு.”

மீனுக்கு வழி சொல்லிவிட்டேன். அக்காவின் வீட்டுக்காரருக்கு எந்தத் தொட்டி சரிவரும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.