விரதம் என்றொரு பதில்

சாப்பாட்டு மேசையில் பழைய மடிக்கணினி திறந்திருக்கிறது. கறுப்புத் திரையில் ஒரே வரி: "சாப்பிட்டீங்களா?" அதன் பக்கத்தில் சிறு கோடொன்று மின்னி மின்னிக் காத்திருக்கிறது.

அந்தக் கேள்வியை எழுதியவள் என் மனைவி. பிள்ளைகள் இருவரும் வெளிநாடு போனபின், பாலையூற்றில் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு நடந்த கணினி வகுப்பில் சேர்ந்தாள். "இந்த வயசில என்னத்துக்கு?" என்றேன். "உங்களோட கதைச்சுக் களைச்சுப் போனன். இதாவது திருப்பிக் கதைக்குதோ பாப்பம்," என்றாள். ஆள் எழுதுவதை வாங்கி, அதற்கேற்ற பதிலைத் திரையில் காட்டுவதுதான் அவளுக்கு முதற்பாடம். கேட்க வேண்டும், பதில் வரும்வரை பொறுக்க வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும். துறைமுக வேலை முடிந்து அலுத்து வந்து குந்திய என்னையே பரீட்சித்துப் பார்க்கப் பிடித்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. ஒரு விரலால் எழுத்துத் தேடி "விரதம்" என்று அடித்தேன். "ஓம் அல்லது இல்லை என எழுதவும்" என்றது. திரும்பவும் விரதம் என்றேன். அதுவும் விடவில்லை.

"ரெண்டில ஒண்டை எழுதுங்கோவன்," என்றாள்.

"ஓம் எண்டாப் பொய். இல்லை எண்டாப் பசியில கிடக்கிறன் எண்ட மாதிரி. வெள்ளிக்கிழமையில நான் என்னத்தை எழுதுறது?"

கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த நாளே மூன்றாவது பதிலுக்கும் இடம் வைத்தாள். விரதம் என்றால், "நல்லது. முருகன் துணை" என்று வரும்.

போன மாரியில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதன்பின் எனக்குக் குசினிக்குள் போக மனம் வரவில்லை. தேத்தண்ணீரோடு பகல் போய்விடும். ஆனாலும் மத்தியானமானால் அவளுடைய கேள்வியைத் திறப்பேன். திங்களும் விரதம், வியாழனும் விரதம். நல்லது, முருகன் துணை என்று அது நம்பிக்கொண்டது. உடம்பு மெலிந்து, கட்டிய சாரம் இடுப்பில் நிற்பதில்லை. நேற்று தொலைபேசியில் மகளுக்கும் அதையே சொன்னேன். "எந்த நாளும் விரதமோ அப்பா?" என்று கேட்டாள். கடவுளை நினைத்து இருப்பதுதான் விரதம். நான் இருந்தது அப்படியில்லை என்று முருகனுக்குத் தெரியும்.

இன்று புதன்கிழமை. அவள் இருந்தபோது எழுதத் தேவைப்படாத அந்தப் பதிலை எழுதினேன்: "இல்லை."

"அப்ப எழும்புங்கோ. குசினியில சோறு கிடக்கு," என்றது.

சோறு இல்லை. என்றைக்கும் இருக்கும் என்று நினைத்து எழுதியிருக்கிறாள். அவள் சொன்னது பொய்யாகக் கூடாது. எழும்பிப் போய் உலை வைத்தேன். திரும்பி வந்தபோது திரையில் மறுபடியும் அதே கேள்வி, பக்கத்தில் அதே கோடு.

"கொஞ்சம் பொறு," என்றேன். "இப்பதான் அரிசி போட்டனான்."