பச்சை அடித்த வள்ளம்

அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் விமானச் சத்தம் கேட்டால் பேச்சு நின்றுவிடும். வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்குகிற விமானம் சில நாள் எங்கள் திரேஸ்புரத்துக்கு மேலாகத் தாழ்ந்து போகும். என் கணவர் சாப்பாட்டுக் கையோடு வாசலுக்குப் போய், அது மறைகிறவரை பார்ப்பார். திரும்பி வந்து உட்கார்ந்து, "அன்னைக்கு அது ஏன் திரும்பிப் போச்சு?" என்று கேட்பார். பதில் தெரிந்த இரண்டு பேர் அதே வீட்டில் இருந்தோம். ஒருத்தி நான், இன்னொருவர் என் மாமனார்.

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். "இவ வாய்க்குப் பூட்டே கிடையாது" என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்ட நான் ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது நல்ல குணத்தால் அல்ல, பயத்தால்.

கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து, கொல்லம் பக்கத்தில் ஒரு பைபர் வள்ளத்தை விலைக்கு வாங்கினார்கள். நல்ல வள்ளம், முன்பக்கம் அகலமான அணியம், என்ஜின் மட்டும் கொஞ்சம் பழசு. என் கொழுந்தனுக்கு அது முதல் சொந்த வள்ளம். அதுவரை பிறர் வள்ளத்தில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தவன். வள்ளம் வந்ததும் பெண் பார்க்கலாம் என்று மாமியார் சொல்லி வைத்திருந்தார். அவனும், "மதினி, உன்னை மாதிரி வாயாடியா மட்டும் பாத்துராதிய" என்று என்னிடமே சொல்வான்.

கடலில் போகிற மீன்பிடி வள்ளங்களுக்கு மாநிலத்துக்கு ஒரு நிறம் உண்டு. நமக்குப் பச்சை, கேரளத்துக்கு நீலம். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பதிவு நம்பர் இருக்கும். அதன் முன்னெழுத்தைப் பார்த்தாலே எந்த மாநிலம் என்று தெரிந்துவிடும். வள்ளம் மாநிலம் மாறினால் அங்கே பதிவை ரத்து செய்து, ஆட்சேபணை இல்லை என்று சான்று வாங்க வேண்டும். அதைக் காட்டினால்தான் இங்கே புது நம்பர். சான்று கைக்கு வரும்வரை பழைய நிறமும் பழைய நம்பரும் அப்படியே இருக்க வேண்டும். விற்றவரும் இதைத்தான் படித்துப் படித்துச் சொன்னாராம்.

எனக்கு அப்போது இது வேடிக்கையாக இருந்தது. நான் துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கப்பல்களின் விவரங்களைத் தட்டுகிறவள். முதலாளி ஒரு நாட்டில் இருப்பான், மாலுமிகள் வேறு நாட்டிலிருந்து வருவார்கள், கப்பலில் பறக்கிற கொடி அந்தக் கப்பல் கண்ணால்கூடப் பார்க்காத மூன்றாவது நாட்டுக் கொடியாக இருக்கும். எல்லாம் சட்டப்படி சரி. "இவ்வளவு பெரிய கப்பல் ஊரான் கொடியோட வருது, நம்ம வள்ளத்துக்கு இத்தனை சட்டமா?" என்று வீட்டில் சிரித்தேன். கொழுந்தனும் சிரித்தான்.

மாமனார் சிரிக்கவில்லை. அவருக்கு அரசாங்கச் சட்டத்துக்கு மேலே ஒரு சட்டம் இருந்தது. வாங்கின வள்ளம் கடல் வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். லாரியில் ஏறி வந்த வள்ளம் கரையிலேயே கிடக்கும் என்பார். பழையவன் பெயரும் அடையாளமும் நம் கரையைத் தொடக் கூடாது. புறப்படும் முன் அணியத்தில் மெழுகுதிரி ஏற்றி, செபம் சொல்லி, கடல் தண்ணீரால் கழுவி, பழையதை எல்லாம் அழித்துவிட வேண்டும். எங்கள் கரையில் வள்ளம் வாங்குகிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் பக்கத்தில் மணப்பாட்டிலோ உவரியிலோ வாங்கியிருப்பார்கள். அங்கே பெயரை அழித்தால் போதும், நிறம் எல்லாருக்கும் ஒன்றுதான். இந்த வள்ளத்தில் பெயரோடு நிறமும் நம்பரும் போக வேண்டியிருந்தது.

"ஏலே, சான்று நாளைக்கு வரும் நாளன்னைக்கு வரும். வள்ளம் நம்ம கலர்லதான் வரணும்" என்று மாமனார் போனில் மகனுக்குச் சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

புறப்படுகிற அன்று கொழுந்தன் வீடியோ காலில் வந்தான். பின்னால் வள்ளம் பச்சைப் பசேலென்று நின்றது. பழைய நம்பர் இருந்த இடத்தில் பெயிண்ட் இன்னும் ஈரமாக மின்னியது.

"மதினி, கலர் எப்படி?"

"மாங்கா மாதிரி இருக்கு. நம்பர் எங்க?"

"வீட்டுக்கு வந்துதான் பேரே வைக்கணும். பொறந்த பிள்ளைக்கு உடனேவா பேரு வைப்பாவ?"

அவன் தோளுக்கு மேலே என் கணவர் எட்டிப் பார்த்து, "கச்சான் கொஞ்சம் கூடுதலா இருக்கு, ஆனா பின்காத்துதான். நாளைக்கு ராத்திரி சோத்துக்கு வந்துருவோம்" என்றார். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வீசும் காற்று. குமரிமுனை தாண்டியதும் அதுவே தள்ளிக்கொண்டு வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

மறுநாள் நான் மீன் குழம்பு வைத்து மூடி வைத்தேன். அவர்கள் வரவில்லை. போன் இரண்டும் அணைந்திருந்தன. மாமனார், "காத்து கெட்டுருந்தா உவரியில ஒதுங்கியிருப்பானுவ" என்றார். உவரிக்குப் பேசினோம், மணப்பாட்டுக்குப் பேசினோம், கூட்டப்புளிக்கும் பேசினோம். பச்சை வள்ளம் ஆயிரம் கிடக்கிறது, உங்கள் வள்ளம் வரவில்லை என்றார்கள். விடிந்தபோது குழம்பு புளித்திருந்தது. சட்டியோடு எடுத்துப் போய்க் கொட்டினேன்.

மாமியார் மயங்கி விழுந்தார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான். மாமனார் மீனவர் சங்கத்து ஆட்களோடு அதிகாரிகளைப் பார்க்கப் போனார். மதியம் அவர் வந்தபோது நாங்களும் வீடு திரும்பியிருந்தோம். "எல்லாம் சொல்லியாச்சு. விமானம் காலையிலேயே போயிருச்சாம்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மகன்களைக் கடலில் விட்டவர் யார் முகத்தைப் பார்ப்பார் என்று நானும் விட்டுவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவர் போன் அடித்தது. அவர் எடுத்து, "எம் மருமவகிட்ட பேசுங்க, எனக்குக் காது சரியாக் கேக்கல" என்று என்னிடம் நீட்டினார். பேசியது தேடுதலைக் கவனிக்கிற அலுவலகத்திலிருந்து ஒருவர்.

"விவரம் ஒரு தடவை சரிபார்த்துக்கிறோம்மா. நீலக் கலர் பைபர் வள்ளம், கேரளா நம்பர், ரெண்டு பேர். சரிதானே?"

"நீலம் இல்ல சார், பச்சை. புதுசா அடிச்சது. நம்பரே கிடையாது."

அவர் குரல் மாறியது.

"யாரும்மா நீலம்னு சொன்னது? காலையில மணப்பாட்டுக்குத் தெக்க, நல்லா வெளியில, ஒரு பச்சை வள்ளத்தைப் பாத்துருக்காங்க. ரெண்டு பேர் கையைக் காட்டியிருக்காங்க. மீன் பிடிக்கிறவங்க விமானத்தைப் பாத்தா கை காட்டுறது வழக்கம்தானேன்னு மேல போயிட்டாங்க. நாங்க நீலத்தைல்லா தேடுறோம்."

நான் போனைப் பிடித்தபடி திரும்பினேன். மாமனார் சுவரில் சாய்ந்து நின்றார்.

"மாமா, நீங்க என்ன சொன்னிய?"

"வித்த பத்திரத்துல உள்ளதைச் சொன்னேம்ளா. சான்று வாரதுக்கு முன்னால கலரை மாத்திட்டம்னு சொன்னா வள்ளத்தைப் புடிச்சு வச்சுருவான். நம்பர் இல்லாத வள்ளம், அதுவும் இந்தக் கடல்ல. மஞ்சள் மூட்டை கடத்துதான், பீடி இலை கடத்துதான்னு ரெண்டு பேரையும் உள்ள தள்ளிருவாம்ளா."

அவர் பயம் பொய்யில்லை. எங்கள் கரையில் ராத்திரி நம்பர் இல்லாத வள்ளம் போனால் அது இலங்கைக்கு எதையோ கொண்டு போகிறது என்றுதான் அர்த்தம். பிள்ளைகளை ஜெயிலிலிருந்து காப்பாற்றத்தான் அவர் நீலம் என்று சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் முழுசாகப் போகவில்லை.

மறுநாள் காலை விமானம் பச்சை வள்ளத்தைத் தேடிப் போனது. வெகுநேரம் ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டார்கள். வள்ளத்தில் ஒரு ஆள்தான் இருந்தார்.

கணவர் உதடு வெடித்து, கண் உள்ளே போய்க் கிடந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் சொன்னது கொஞ்சம்தான். குமரிமுனை தாண்டி என்ஜின் நின்றது. துடுப்பு இரண்டு இருந்தும் காற்றுக்கு எதிரே போட முடியவில்லை. தண்ணீர் தீர்ந்தது. காலையில் விமானம் தாழ வந்து ஒரு வட்டம் அடித்தது. சட்டையைக் கழற்றி வீசினார்கள். தம்பி அழுதுகொண்டே சிரித்தானாம், "வந்துட்டாம்ணே, பாத்துட்டாம்ணே" என்று. விமானம் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. இருட்டும்போது தூரத்தில் ஒரு கப்பல் விளக்கு தெரிந்ததும், வெறும் டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டான். இவர் கத்தினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் துறைமுகத்துக்கு வருகிற கப்பல்கள் அந்த வழியாகத்தான் வரும். அந்த வாரம் வந்த கப்பல்களின் விவரங்களை நான்தான் தட்டினேன். ஒவ்வொன்றின் கொடியும் நம்பரும் என் விரல் வழியாகப் போயின. இதுவா, அதுவா என்று நினைப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை. அவன் உடல் கிடைக்கவில்லை. கோவில் மணி அடித்து, வெறும் சிலுவைக்கு முன்னால் பூசை வைத்தோம்.

அதன்பிறகுதான் அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்தது. "ஏன் திரும்பிப் போச்சு?" கணவர் கேட்கும்போது மாமனாரின் கை சோற்றில் அப்படியே நிற்கும். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துவிடுவேன். சொன்னால் ஒரு அப்பனும் மகனும் மிஞ்சமாட்டார்கள் என்று தோன்றியது. சொல்லாவிட்டாலும் ஏதோ ஒன்று வந்துகொண்டே இருந்தது. கணவர் விமானத்தைப் பார்க்கிற பார்வை நாளுக்கு நாள் கெட்டுப்போனது. மாமியார் மட்டும் ஒன்றும் தெரியாமல், "பாவம், அவனுக்குக் கண்ணு தெரியாம போயிருக்கும்" என்று விமான ஓட்டிக்கு வக்காலத்து வாங்குவார்.

வருடம் திரும்புகிற சமயத்தில் கேரளத்திலிருந்து சான்று வந்தது. நிறத்தை ஒழுங்காக அடித்துக் காட்டினால் புது நம்பர் தருவோம் என்று இங்குள்ள அதிகாரிகள் சொன்னார்கள். நல்ல பச்சை இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு கணவர் வள்ளம் கிடந்த கரைக்குப் போனார். நானும் மாமனாரும் கூடப் போனோம். அவசரத்தில் அடித்த பழைய பெயிண்ட் உப்பில் உரிந்து தொங்கியது. கணவர் தகட்டை வைத்துச் சுரண்டச் சுரண்ட அடியில் நீலம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பழைய நம்பர் முழுசாகத் தெரிந்தது.

மாமனார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் டப்பாவைத் திறந்து பிரஷை முக்கினார்.

"வேண்டாம்ல. நீலமாவே கிடக்கட்டும்."

"என்னப்பா சொல்லுதிய? நீலமா இருந்தா நம்பர் தரமாட்டானே."

"நீலமாவே இருந்துருக்கணும்ல. தேடப் போனவங்ககிட்ட நான் நீலம்னுதாம்ல சொன்னேன்."

கணவர் முதலில் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. பிரஷிலிருந்து பச்சை சொட்டி அவர் கால்மேல் விழுந்தது. அதைத் துடைக்காமல், பிரஷை டப்பாவின் குறுக்கே வைத்துவிட்டு, அவர் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். "ஏலே" என்று மாமனார் ஒரு முறை கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.