போகிறேன் என்று சொல்லாத பேய்

சனிக்கிழமை, மதியம் 2.10. சென்னையில் ஏறி, வழியில் ஒரு விமானம் மாறி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தே வந்ததில், மொன்ட்ரியாலில் இறங்கியபோது எனக்குக் கால் இருப்பதே தெரியவில்லை. ஜப்பானியப் பேய்களுக்குக் கால் கிடையாது என்பார்கள். அந்த வகையில் வந்த வேலைக்கு நான் தகுதியானவள்தான்.

சினிமாவுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதுவது என் தொழில். இங்கே சில தமிழர்கள் மாதம் ஒரு படம் திரையிடுகிறார்கள். இம்மாதம் ஒரு பழைய ஜப்பானியப் பேய்ப்படம், என் தமிழ் வரிகளோடு. படம் முடிந்ததும் நான் அரை மணி நேரம் பேச வேண்டும்.

அழைத்தவர் யோகன். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர், மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை.

“களைச்சுப் போனியளோ தங்கச்சி? வாங்கோ, முதல்லை ஒரு கோப்பி குடிப்பம்.”

முக்குக் கடையை இங்கே டெப்பனர் என்கிறார்கள். கோப்பி இரண்டே கால் டாலர். சூட்டைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், சென்ட் லோரன்ட். கிடங்குகள், செங்கல் அடுக்ககங்கள், நடுநடுவே சிவந்து நிற்கும் மேப்பிள் மரங்கள். யோகனின் தங்கை வீட்டு மாடியில் எனக்கு அறை. படுத்ததுதான் தெரியும்.

ஞாயிறு, காலை 10.00. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் ஓர் அடுக்ககத்தின் கீழ்த்தளக் கூடம். காட்சி மூன்று மணிக்கு. அதற்கு முன் யோகனும் நானும் மட்டும் படத்தை ஓட்டிப் பார்த்தோம்.

படம் முழுக்க ஸ்டுடியோவுக்குள் எடுத்தது. வானம் தீட்டிய துணி, ஆறு நீலப் பட்டு. அலறலும் ரத்தமும் இல்லை. செத்துப்போன மனைவி விளக்கின் பக்கத்தில் நின்றாலும் அவள் முகத்தில் மட்டும் நீல வெளிச்சம். உயிரோடிருப்பவர்கள் கிமோனோவின் இடப்பக்கத்தை மேலே மடித்துக் கட்டுவார்கள். பிணத்துக்கு வலப்பக்கம் மேலே. அவளுக்கு வலப்பக்கம்தான் மேலே இருக்கிறது. பயப்பட அது போதும்.

கதை சின்னது. அவள் அந்திதோறும் வாசலுக்கு வருவாள், கிளம்பும்போது ஒரு வரி சொல்வாள். கணவன் வாயே திறக்க மாட்டான். நான்காம் நாள் பழக்கதோஷத்தில் பதில் சொல்லிவிடுவான். அன்றிரவே அவள் திரும்பி வந்துவிடுவாள், பிறகு போவதே இல்லை.

‘நான் போகிறேன்’ என்று என் தமிழ் வரி திரையில் வந்ததும் யோகன் படத்தை நிறுத்தினார்.

“தங்கச்சி, அவ ‘போறன்’ எண்டு சொல்லேல்லை.”

கனடா வருவதற்கு முன் ஆறு வருடம் ஒசாகாவில் பட்டறை வேலை பார்த்தவராம். இது தெரிந்திருந்தால் நான் வந்தே இருக்கமாட்டேன்.

“‘இத்தே கிமாஸ்’ எண்டால் போட்டு வாறன். எங்களை மாதிரித்தான், வெளிக்கிடேக்கை ஒவ்வொரு நாளும் சொல்லுவினம். வீட்டிலை நிக்கிற ஆள் ‘போட்டு வா’ எண்டு சொல்ல வேணும்.”

‘போய்விட்டு’ என்பது யாழ்ப்பாணத்தில் ‘போட்டு’. நான் ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துத் தமிழாக்கியவள். அதில் ‘போகிறேன்’ என்றுதான் இருந்தது. வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொன்ன பிள்ளையை அதட்டி, ‘வர்றேன்னு சொல்லு’ என்கிற ஊரில் பிறந்தும் எனக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“சாவு வீட்டுல யாராவது ‘வர்றேன்’னு சொல்லிட்டுக் கிளம்புவாங்களாண்ணா? செத்தவளே எப்படிச் சொல்லுவா?”

“அதுதானே பேய்,” என்றார்.

அதற்குமேல் நான் வாதாடவில்லை. என் வரிப்படி கணவனின் பதில் வெறும் மரியாதை. உண்மையில் அது அழைப்பு. படத்தின் பயம் முழுவதும் தொங்கிய ஆணியை நான் பிடுங்கிப் போட்டிருந்தேன்.

மதியம் 1.00. மடிக்கணினியில் திருத்த உட்கார்ந்தேன். பார்க்க வருகிறவர்கள் அனேகமாக யாழ்ப்பாணத்தவர் என்பதால் ‘போட்டு வாறன்’ என்றே போட்டேன். கணவனின் பதிலுக்கு ‘போட்டு வா’ என்று அடித்தபோது யோகன் தேநீரோடு வந்து நின்றார்.

“எங்கட பக்கம் பெண்சாதியை ‘வாரும்’ எண்டுதான் சொல்லுவம்.”

“அது இந்தியாக்காரங்களுக்கு அந்நியமா இருக்குமேண்ணா.”

கோப்பையை என் பக்கத்தில் வைத்தார்.

“என்ர மனிசி பரிமளம் ஒப்பரேசனுக்கு உள்ளுக்குப் போகேக்கை ‘போட்டு வாறன்’ எண்டவ. நான் போனிலை ஆரோடையோ கதைச்சுக்கொண்டு நிண்டனான். தலையை மட்டும் ஆட்டினன், மறுமொழி சொல்லேல்லை. பேந்து அவ வரேல்லை. ரெண்டு வருசமாச்சு.”

நான் ‘வாரும்’ என்று திருத்தினேன்.

மாலை 3.00. நாற்பது பேர் இருக்கும். முதல் முறை பேய் ‘போட்டு வாறன்’ என்றபோது யாரோ சிரித்தார்கள். இரண்டாம் முறை சிரிப்பில்லை. மூன்றாம் முறை என் பக்கத்து இருக்கை அம்மாள் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான்காம் முறை, திரையில் கணவன் வாய் திறப்பதற்குள், பின்னால் புரொஜெக்டர் அருகிலிருந்து யோகனின் குரல் வந்தது.

“போட்டு வாரும்.”

உரக்கச் சொல்லவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. நான் அழுதேன். பிறகு மேடையேறி ஜப்பானியக் கலை பற்றித் தயாரித்து வந்ததை விட்டுவிட்டு, என் பிழையைப் பற்றியே அரை மணி நேரம் பேசினேன்.

திங்கள், காலை 11.00. விமான நிலைய வாசலில் யோகன் என் பெட்டியை இறக்கி வைத்தார். கேட்காமல் கிளம்ப என்னால் முடியவில்லை.

“பதில் சொன்னா அவ திரும்பி வந்துடுவான்னுதானேண்ணா படமே?”

“ஓம். நான் சொல்லிப்போட்டன்,” என்றார். “வந்தால் வரட்டும்.”