கடைசி முனை

மதினியின் சேலைக் கயிறு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. பழைய சிவப்புச் சேலையொன்றை நீளவாக்கில் கிழித்து, முறுக்கி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டது. அறுபதுகளில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு எங்களைத் தேடி வந்த உறவுக்காரர்கள் அத்தனை பேரும் இந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பம்பாயைச் சுற்றிப் பார்த்தார்கள். முன்முனை வழி தெரிந்தவருக்கு, கடைசி முனை மதினிக்கு. நடுவில் யாரும் கையை விடக்கூடாது. ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள். பிள்ளையைத் தொலைத்துவிட்டு அழுவதைவிட இது மேல் என்று மதினி நடந்துகொண்டே இருப்பாள்.

மதினியைக் கட்டிய என் அண்ணனுக்குத் தோல் கிடங்கில் வேலை, எனக்குக் குர்லாவில் லேத் பட்டறை. கோடை விடுமுறை வந்தால் எங்கள் ஒற்றை அறையில் கால் வைக்க இடமிருக்காது. வந்தவர்களுக்கு ஊரைக் காட்டுவது மதினியின் பொறுப்பு. அவள் பம்பாயை நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள்: சாமி இடம், தண்ணி இடம், கூட்ட இடம், கால் வலிக்கிற இடம். ராட்டினமும் மரணக் கிணறும் வரும் மைதானத்துப் பொருட்காட்சி, கூட்ட இடம். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ராணி பாக் மிருகக்காட்சி சாலை, கால் வலிக்கிற இடம், கட்டுச்சோறு அவசியம். சௌபாத்தி, ஜுஹு எல்லாம் தண்ணி இடம். கடல் ஏறுவதைப் பம்பாயில் பர்த்தி என்பார்கள், அது எப்போது என்று இளநீர்க்காரனிடம் கேட்காமல் மணலில் காலை வைக்க விடமாட்டாள். சாமி இடத்துக்கு மட்டும் தனிச் சட்டம். அங்கே கடிகாரம் பார்க்கக்கூடாது. கும்பிட்ட கையோடு கிளம்பவும் கூடாது. சற்று உட்கார்ந்து, வாயில் ஏதாவது போட்டுக்கொண்டுதான் எழ வேண்டும்.

ஹாஜி அலி தர்காவை அவள் எந்த யோசனையும் இல்லாமல் சாமி இடத்தில் சேர்த்துவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் சேர்த்திருப்பார்கள். பொட்டல்புதூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஹாஜி அலி கடலுக்குள் இருக்கிறது, போகும் பாதை பர்த்தியில் மூழ்கிவிடும் என்பது மதினிக்குத் தெரியாத விஷயமல்ல. ஆனால் சாமி இடத்தில் நேரம் கேட்பது மரியாதையில்லை என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு வருடம் கோடைக்கு வந்தவள் மதினியின் தங்கை. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். ஆறாம் மாதம். இது தங்க வேண்டும் என்று தர்காவில் சமாதிமேல் சாதர்த் துணி போர்த்த நேர்ந்திருந்தாள். காலையில் மகாலட்சுமி கோயிலை முடித்துவிட்டு மூவரும் கடல் பாதையில் இறங்கினோம். என் கைக்கடிகாரத்தை மதினி வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். சாதர் போர்த்தி, வேண்டிக்கொண்டு, சுவரோர நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தோம். மற்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பியதைப் பார்த்தேன். அவர்களுக்குப் பக்தி குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்து வந்தபோது பாதையின் நடுப்பகுதியில் கல் தெரியவில்லை. தர்காக் காவலர், சாயந்தரம் தண்ணீர் இறங்கும், அதுவரை இருங்கள் என்று இந்தியில் சொன்னார். இருந்திருப்போம். அப்போதுதான் தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அக்கா, இடுப்பு பிடிக்கி. போன தடவையும் இப்படித்தான் தொடங்குச்சு."

மதினியின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். "சாயந்தரம் வரைக்கும் இவ தாங்க மாட்டா தம்பி. முட்டளவுதான் இருக்கும். நீ முன்னால போ" என்று இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். தங்கையிடம், "ஏட்டி, என்ன வந்தாலும் கயித்த விடாத" என்றாள்.

முதலில் கணுக்கால், பிறகு முட்டு. பாதையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் பாறை. காலால் கல்லைத் தடவித் தடவித்தான் நடந்தேன். பின்னால் தங்கையின் மூச்சு கேட்டது, அதற்கும் பின்னால் "நிக்காத, நட" என்ற மதினியின் குரல். பாதிக்கு மேல் கடந்திருப்போம். பக்கவாட்டில் ஒரு அலை இடுப்புவரை அடித்தது. கயிறு சுண்டி இழுத்தது. தங்கை சாய்ந்தாள், நானும் சாய்ந்தேன். பிறகு சட்டென்று இழுப்பு நின்றுபோயிற்று. திரும்பினால் கயிற்றின் கடைசி முனை தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மதினியைக் காணோம்.

"நட" என்ற குரல் மட்டும் பாறைப் பக்கமிருந்து வந்தது. தங்கையின் தோளை அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். அந்தத் தூரத்தை இன்றைக்கும் கனவில் நடக்கிறேன். கரையில் பூ விற்றவர்கள் இருவர் தண்ணீரில் இறங்கி, பாறையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தவளைத் தூக்கி வந்தார்கள். முழங்கால் சில்லு பெயர்ந்திருந்தது. சாகும்வரை அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடந்தாள்.

தங்கையின் வலி ஆஸ்பத்திரியில் அடங்கியது, பிள்ளை தங்கியது. எனக்கு மதினிமேல் கோபம். ஊருக்கெல்லாம் கையை விடாதே என்று சொன்னவள் தானே ஏன் விட்டாள் என்று கட்டிலருகே நின்று கேட்டேன்.

"வழுக்குனது நானு. பிடிச்சிருந்தா அவளயும்லா இழுத்திருப்பேன்" என்றாள். பிறகு, "கடைசி முனைய நான் வச்சிக்கிடுதது பின்ன எதுக்குன்னு நினைச்ச?" என்றாள். அடுத்த கோடையில் வந்தவர்களுக்கு ஹாஜி அலி தண்ணி இடமாகியிருந்தது.

போன மாதம், அன்று வயிற்றிலிருந்த அந்தப் பெண், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவள் மகன் சுற்றுலா பஸ்காரர்கள் கொடுத்த தாளை வைத்திருந்தான்: ஆன்மிகத் தலங்கள், கடற்கரைகள், பொழுதுபோக்குப் பூங்காக்கள். ஹாஜி அலி முதல் வகையில் இருந்தது. நான் கரையில் இறங்கியதும் பலூன்காரனிடம் பர்த்தி எப்போது என்று கேட்டேன். இப்போதுதான் இறங்குகிறது, தைரியமாகப் போங்கள் என்றான். பையிலிருந்து கயிற்றை எடுத்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனாலும் பிடித்துக்கொண்டார்கள். முன்முனையை அவளிடம் கொடுத்தேன். என் கால் இப்போது அத்தனை நிதானமில்லை. கடைசி முனையை நான் எடுத்துக்கொண்டேன். இறுக்கிப் பிடிக்கவில்லை.