ஒழிவுநாள்

அந்தப் பலகையில் பிழையாக எழுதியது நான்தான். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்தப் பிழைதான் காரணம் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். எழுத்துப்பிழையின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மற்றதை நினைக்க வேண்டாம் அல்லவா?

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் கொச்சியில், மட்டாஞ்சேரியில் இருந்தோம். அப்பா கடைத்தெருவில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் எடை பார்ப்பவர். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். வேதக்கோயில் ஆராதனைக்கு ஒரு வாரம்கூடத் தவறாதவர், சாப்பாட்டுக்கு ஆள் கூப்பிடுவதிலும் தவறாதவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேரைப் பின்னால் கூட்டிக்கொண்டு வருவார். அவர்கள் கூடத்தில் பாட்டுப் பாட, அம்மா அடுக்களையில் புகையோடு மல்லுக்கட்டுவாள். எல்லோரும் கை கழுவிப் போனபின், ஆறிப்போன சோற்றை நின்றபடியே தின்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிமாறும்போது அம்மாவுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரமே ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம். அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் அப்பாவுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. அன்று மாலையே கிட்டங்கியில் மூட்டைகளுக்கு அடையாளம் போடும் மையும், தேயிலைப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒரு பலகையும் என் முன்னால் வந்துவிட்டன.

"எழுது பிள்ளே. இனி ஞாயித்துக்கிழமை இந்த வீட்டுல அடுப்பு பத்தப்பிடாது. விருந்து கிடையாது. மத்தியானம் ரெண்டு மணி முதல் நாலு மணி வரை அம்மைய ஆரும் விளிக்கப்பிடாது. வீட்டுக் குறைபாடு எதும் அன்னைக்கு பேசப்பிடாது. எல்லாம் திங்கக்கிழமை."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்தெல்லாம் ஞாயிறு வகுப்பில் பொறுக்கிக்கொண்டதுதான். மலையாளத்தில் விடுமுறையை 'ஒழிவு' என்பார்கள். அந்த நினைப்பில், பலகையின் தலைப்பில், 'ஓய்வுநாள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஒழிவுநாள்' என்று பெரிதாக எழுதிவிட்டேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள். முகம் சுருங்கிப் போனது.

"ஒழிவுநாளா? ஆரு ஒழியதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான் பிள்ளே" என்றார் அப்பா. "இங்க எல்லாரும் அப்படித்தான சொல்லுகாங்க."

"நம்ம பாஷையில அது நல்ல வாக்கு இல்ல. மாத்தி எழுதச் சொல்லுங்க."

மூட்டை மை அழியாது. வேறு பலகை கொண்டுவருகிறேன் என்று அப்பா சொன்னார், கொண்டுவரவில்லை. அந்தச் சொல் எங்கள் கூடத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதன் கீழே நடக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை மறைக்கக் கூடாது. அம்மா பகலில் படுத்ததை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நான்கு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு, கன்னத்தில் பாய் வரி பதிந்திருக்க, வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வருவாள். அப்புறம் நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து பாடுவோம். அப்பா பார்க்கிற பார்வையில் அப்படி ஒரு பெருமை. என் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை பிடித்துப்போனது. எனக்கும்தான்.

ஆனால் அடுப்பு எரியாத வீட்டிலும் நான்கு பேருக்குப் பசிக்கும். அந்தக் கணக்கை அப்பா போடவில்லை. ஞாயிறு மூன்று வேளைக்கும் சேர்த்துச் சனிக்கிழமையே சமைத்தாக வேண்டும். மறுநாள் வரை கெடாத மீன்குழம்பு, புளிவிட்ட துவையல், அவித்த கப்பைக் கிழங்கு என்று காலையில் ஏறிய சட்டி விளக்கு வைத்த பிறகும் இறங்காது. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் எடுப்பதும் வேலைதானே? அதனால் தெருக்குழாயிலிருந்து இரண்டு நாள் தண்ணீரையும் அன்றே சுமந்தாள். துணியும் அன்றே துவைத்தாள். நான் குடத்தைத் தூக்கினால் பிடுங்கிக்கொண்டு, "நீ போய் படி" என்பாள்.

ஒரு சனிக்கிழமை அம்மாவின் கால் கொலுசு இறங்கமாட்டேன் என்றது. கழற்றிவிடப் போனபோது என் விரல் பட்ட இடத்தில் குழி விழுந்தது. விரலை எடுத்தேன். குழி அப்படியே இருந்தது. மறுபடி வேறோரிடத்தில் அழுத்திப் பார்த்தேன், அங்கேயும் குழி.

"அப்பாட்ட சொல்லாத மக்களே" என்றாள். "நாளைக்கு படுத்து எழும்பினா வடிஞ்சிரும். பாவம், ஆசையா செஞ்ச ஏற்பாடு. நான் அத கெடுக்கண்டாம்."

வடியவில்லை. மூச்சு வாங்கத் தொடங்கியது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியருகே நின்று நின்று வருவாள். பக்கத்து வீட்டில் பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அக்காவை இத்தா என்று கூப்பிடுவோம். அவள் இதை வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டாள்.

"சனியாழ்ச்ச சாகடிச்சிட்டு ஞாயறாழ்ச்ச தாலாட்டா? நல்ல கூத்து. உங்கப்பன்ட்ட சொல்லு மோளே. அந்தக் கால் நல்லதுக்கில்ல. சீக்கிரம் டாக்டர்ட்ட காட்டணும்."

இத்தா அயல் ஆண்களிடம் பேசமாட்டாள். அம்மா வாயைத் திறக்கமாட்டாள். மிச்சம் இருந்தது நான். ஆனால் அது மிளகு வரத்துக் காலம். நாங்கள் எழுவதற்கு முன் போகிற அப்பா, நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார். அவர் முகத்தை வெளிச்சத்தில் பார்க்க முடிகிற ஒரே நாள் ஞாயிறு. இத்தா சொன்ன மறுநாள் ஞாயிறு. கோயிலிலிருந்து திரும்பி வந்ததும் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்தேன்.

"அப்பா, அம்மைக்க காலு..."

அப்பா சிரித்தபடி விரலைத் தூக்கிப் பலகையைக் காட்டினார். "குறைபாடு இன்னைக்கு வேண்டாம் பிள்ளே. என்னத்த எழுதியிருக்க? நாளைக்கு சொல்லு."

என் எழுத்தையே எனக்குக் காட்டினார். நான் சட்டை நுனியை விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா ஒரு நோயாளிக்காக ஜெபம் செய்ய போர்ட் கொச்சிக்குப் போனார். நோயாளியைத் தேடி வீட்டை விட்டு வெளியே! கதவுக்கு வெளியே நானும் தம்பியும் காவல். சிறிது நேரத்தில் உள்ளே டம்ளர் விழுந்து உருண்டது. தம்பி எழுந்தான்.

"அம்மை விளிக்குது."

"சும்மா இரி" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன். "நாலு மணி ஆகல்ல."

பிறகு தரையில் ஏதோ உராய்கிற சத்தம். நிற்கும், மறுபடி கேட்கும். பூனையாக இருக்கும் என்று தம்பியிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் பூனை வந்ததே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். அப்பா கொடுத்த காவலை ஒழுங்காகச் செய்கிறேன் என்கிற வீம்பும் இருந்தது. பிறகு அந்தச் சத்தமும் நின்றுபோனது.

நான்கு அடித்ததும் கதவைத் திறந்தேன். அம்மா பாயில் இல்லை. கதவிலிருந்து ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தாள். கண்கள் திறந்திருந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கை மட்டும் கதவை நோக்கி நீண்டிருந்தது.

இத்தாதான் முதலில் ஓடி வந்தாள். அவள் வீட்டு ஆண்கள் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரத்தக் கொதிப்பு மூளைக்கு ஏறிவிட்டது என்றும், உடனே கொண்டுவந்திருக்கலாமே என்றும் அங்கே சொன்னார்கள். வலது பக்கம் போனது போனதுதான். பேச்சும் திரும்பவில்லை. அதன் பிறகு அம்மாவுக்கு வாரத்தில் ஏழு நாளும் ஒழிவுதான்.

வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அப்பா பலகையைக் கழற்றி, கத்தியால் வெட்டி அடுப்பில் வைத்தார். அன்றும் ஞாயிற்றுக்கிழமை. கஞ்சி காய்ச்சி அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அன்னைக்கு உள்ள இருந்து சத்தம் எதும் கேட்டுதா பிள்ளே?"

"கேக்கல்ல" என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீ விளிச்சியா?"

அது ஒற்றைப் பலகைக் கதவு. இந்தப் பக்கம் முணுமுணுத்தால் அந்தப் பக்கம் கேட்கும். நாலு மணி ஆகல்ல என்று நான் சொன்னதை அம்மா கேட்காமல் இருந்திருக்கவே முடியாது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையை அசைத்தாள்.