பளிங்குப் பெண்ணின் வாய்

வெளிநாட்டில், கால்சா என்ற பகுதியில் நான் வேலை செய்த வீட்டின் சிறு ஜெபக்கூடத்துச் சுவரில் ஒரு பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தியது என்று வீட்டுக்காரி சிஞ்ஞோரா பீற்றிக்கொள்வாள். சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் உடல், சுற்றிவரப் பெண்கள். ஒருத்தி தலைமயிரை விரித்து, கைகளை உயர்த்தி, வாயைப் பிளந்து அழுகிறாள். தூசு போய் அடைவதும் அந்த வாயில்தான். சிறு தூரிகையால் அதைத் தட்டி எடுப்பது என் வேலை.

மன்னாரில் அம்மா செத்த செய்தி அந்த வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வந்தது. அதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. பெர்மெஸ்ஸோவை, அந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன்; அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. குசினியில் நின்று ஒரு சத்தம் வைத்து அழுதேன். சிஞ்ஞோரா வந்து கதவைச் சாத்தினாள். வாயைப் பொத்து, விருந்தாளிகள் வருகிறார்கள், கிறிஸ்தவர்கள் அடக்கமாக அழுவார்கள் என்றாள். ஞானஸ்நானம் பெற்ற என்னிடம்! அன்று பின்னேரம் வந்தவர்களுக்குப் பளிங்குப் பெண்ணைக் காட்டி, என்ன துயரம் பாருங்கள் என்று உருகினாள். கோப்பித் தட்டை அவள் தலையில் போட்டிருக்க வேண்டும்.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அது அதிக நேரம் நிற்கவில்லை. குளிர்காலம் முடியமுன் கிழவி போய்விட்டாள்.

சவப்பெட்டியை ஜெபக்கூடத்தில் வைத்தார்கள். சிஞ்ஞோராவின் மகள் என்னைக் கூப்பிட்டு, சிற்பத்தைக் காட்டி, உங்கள் ஊரில் இப்படித்தானே அழுவீர்கள், அம்மாவுக்கு அழு என்றாள். அவள் கேட்கவில்லை, ஏவினாள்.

எங்கள் ஊரில் அயல்வீட்டுப் பிணத்தின் முன் உட்காருகிற பெண் தன் வீட்டுச் சாவைத்தான் சொல்லி அழுவாள். யாரும் குறை நினைப்பதில்லை. நான் கொண்டையை அவிழ்த்தேன்.

"என்னைப் பெத்த தாயே, உன்ரை முகம் காணேல்லையே. வாயைப் பொத்தெண்ட மனிசி வாய்மூடிக் கிடக்குதம்மா."

அன்றைக்குக் கோப்பி ஊற்ற, நகரத்தின் சீசா என்ற பகுதியிலிருந்து கூப்பிட்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் விறைத்துப்போய் நின்றாள். பிறகு என் பக்கத்தில் குந்தி, மெல்லச் சொன்னாள்: "இஞ்சை ஒருத்தருக்கும் விளங்காதக்கா. நீங்கள் அழுங்கோ."

அழுதேன். கிழவியின் கஞ்சத்தனம், கடுகடுப்பு, அவள் சாத்திய கதவு எல்லாவற்றையும் ராகம் போட்டுத் திட்டினேன். வந்திருந்தவர்கள் கைக்குட்டைகளை எடுத்தார்கள். எனக்கு அது சுகமாக இருந்தது.

மகள் தாங்க முடியாமல் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து ஓவென்று கத்தினாள். செத்தவீட்டில் எங்கள் பெண்கள் இப்படித்தான் கட்டிப்பிடித்து அழுவார்கள். அம்மாவுக்காக என்னை யாரும் அதுவரை கட்டிப்பிடித்திருக்கவில்லை. உதறத்தான் நினைத்தேன். ஆனால் அவள் தலை என் தோளில் விழுந்த பிறகுதான் அம்மா இனி இல்லை என்பது எனக்கு உறைத்தது. நான் அவளை இறுக்கிக்கொண்டேன். அவளுடைய தாயைத் திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.