பலகை தின்ற முட்டைக்கோஸ்

பலகை என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என் கல்யாணத்துக்கு நாள் குறித்த அன்று. சம்பந்தம் பேசி முடித்தவர் என் பெரியம்மாவின் மூத்த மருமகன். என் மாமியார் அவருக்குச் சின்னம்மா முறை, அதனால் இரண்டு பக்கமும் அவர் பேச்சுக்கு மதிப்பு. "ஞாயித்துக்கிழமை காலையில வெச்சுக்கலாமே, எல்லாருக்கும் லீவு" என்று என் அப்பா சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மாப்பிள்ளையே வாயைத் திறந்தார்.

"காலையில முடியாதுங்க. பலகை வர மாட்டா."

"யாரு பலகை?"

"எங்க அக்கா."

அவளுக்காகக் கல்யாணம் மதியம் இரண்டரை மணிக்குத் தள்ளிப்போனது. காலையில் பார்த்த அலை போதாமல் மறுபடியும் கடலில் இறங்கிவிட்டு, இரண்டே முக்காலுக்கு நேரே வந்தாள். தலை சொட்டச் சொட்ட ஈரம், காலில் மணல். "நல்லா இரு" என்று என்னைக் கட்டிக்கொள்ளக் குனிந்தாள். குனிந்ததுதான் தாமதம், அவள் மூக்கிலிருந்து கடல் தண்ணீர் பொலபொலவென்று என் புதுத் துணியின் தோளில் கொட்டியது. அலையில் புரண்டு எழுகிறவர்களுக்கு மூக்குக்குள் தண்ணீர் தங்கிவிடும், மணிக்கணக்காகிக் குனியும்போது வெளியே வரும் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் பொம்பளை என் மேல் மூக்கைச் சிந்திவிட்டாள் என்பதுதான்.

"வெறும் உப்புத் தண்ணிதான், காஞ்சா போயிடும்" என்றாள். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை வரவில்லை. இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவையும் வந்ததில்லை.

நேரில் எனக்கு அவள் அண்ணி, வாங்க, போங்க. எழுதும்போது அவள்தான்.

அவள் டவுன் பஸ் ஓட்டினாள். ரயில் நிலையத்திலிருந்து கடற்கரை முனைவரை போகிற நாலாம் நம்பர் வண்டி. இருபத்தாறு வருஷத்தில் வண்டிக்கு ஒரு கீறல் கிடையாது, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். கட்டினவர் இரண்டாம் வருஷமே கப்பல் வேலைக்குப் போனார், போனவர் போனவர்தான். அதற்காக அவள் ஒருநாள் அழுது நான் பார்த்ததில்லை. அந்த டிரைவர் சீட்டுதான் அவளுக்குப் புருஷன், பிள்ளை, வீடு எல்லாம். லீவு நாளில்கூட டெப்போ பக்கம் போய், தன் வண்டியை வேறு எவன் ஓட்டுகிறான் என்று பார்த்துவிட்டுத் திட்டிவிட்டு வருவாள். வீட்டில் உட்கார உருப்படியாக ஒரு நாற்காலி இல்லை. நடையில், அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அலை சறுக்குகிற பலகை நெடுநீளத்துக்குப் படுத்திருக்கும். போகிறவர்கள் அதைத் தாண்டிக்கொண்டுதான் போகவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடுவாள். கூட இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். இரண்டு மணி நேரம் அலையில் சறுக்கிவிட்டுப் பசியோடு கரையேறுவார்கள். கடற்கரைத் தெருவில் அப்போது பதினோரு சாப்பாட்டுக் கடைகள். வாரம் ஒரு கடை, வரிசையாக. மோசமான கடை என்று எதையும் தாண்டக் கூடாது. புதிதாக எவன் திறந்தாலும் அவன் கடை வரிசையின் கடைசியில் சேரும். இவர்கள் வருவது தெரிந்தால் முதலாளிகள் ஓடிப்போய் நாற்காலி மேல் பிளாஸ்டிக் தாளை விரிப்பார்கள். தரையெல்லாம் மணல், மேசையெல்லாம் தண்ணீர், அதற்கு மேல் பலகையின் வாய்.

"இந்த சூப்புக்கு, கடல்லயே வாயத் தொறந்திருக்கலாம்."

"இந்த மீனு செத்த தேதி எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் நைட் டூட்டி."

ஏழாவது கடையில் நான் சமையல். பதினோரு வாரத்துக்கு ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கும். அடுப்படிக்கும் சாப்பிடுகிற இடத்துக்கும் நடுவில் தட்டு கொடுக்கிற ஜன்னல் ஒன்று உண்டு. அவள் வேண்டுமென்றே அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

அந்த மூன்று பேருக்குள் ஒரு சட்டம் இருந்தது. கடலில் ஒருவர் அலையைப் பிடித்துவிட்டால் "வர்றேன்" என்று கத்துவார். அதற்கப்புறம் அந்த அலை அவருக்கு. குறுக்கே இன்னொருவர் இறங்கினால் அது அலைத் திருட்டு. கரைக்கு வந்ததும் தண்டனை. திருடினவருக்கு என்ன சாப்பாடு என்பதை அலையைப் பறிகொடுத்தவர்தான் சொல்லவேண்டும். தட்டில் ஒரு துளி மிச்சம் வைக்கக் கூடாது. டைல்ஸ்காரனுக்கு ஒருமுறை காலை ஒன்பது மணிக்கு ஆறு கிண்ணம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள் பலகை. அவன் பல் கூசி அழுதான். பக்கத்திலேயே பல் டாக்டர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் மட்டும் அலை திருடினதே இல்லை. அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள். "ரோட்டுலயும் சரி, தண்ணியிலயும் சரி, அடுத்தவன் வழியில நான் போனதில்ல." என் மாமியாரும் உயிரோடு இருந்தவரை இதையே சொல்லிச் சொல்லி எனக்குக் காது புளித்துப்போனது.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை என்றால் ஒருநாள் முடியும். நான் முணுமுணுப்பேன், அவள் சத்தமாகத் திருப்பிக் கொடுப்பாள். மூன்று அறை தள்ளி, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முணுமுணுத்தாலும் அவள் காதுக்கு எட்டிவிடும். என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொள்வார். அதில் வரன் தேடும் விளம்பரம்வரை படித்து முடித்துவிடுவார்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று நடந்த வருஷம் அந்தக் கூத்து ஆரம்பித்தது. பலகை அலை திருடினாள். ஒரு தடவை இல்லை, ஞாயிறு தவறாமல். பல் டாக்டருக்குக் கொண்டாட்டம். இருபது வருஷமாகக் காத்திருந்த மனுஷன். அவளுக்கு வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றமே ஆகாது என்பது அவருக்குத் தெரியும். கடைக்குக் கடை முட்டைக்கோஸ் சொன்னார், உப்பு போடாமல். அவள் மறுபேச்சுப் பேசாமல் தின்றாள்.

எங்கள் கடையின் முறை வந்தது. நானே கைப்பட வேகவைத்தேன், கொஞ்சம் கூடுதலாகவே குழையவிட்டேன். ஜன்னலில் தட்டை வைத்தபோது வழக்கப்படி முதுகு தெரிந்தது. "திருட்டுக் கழுதைக்குத் தீனி" என்று முணுமுணுத்தேன்.

பதில் இல்லை.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் சத்தமாக, "மூக்கால ஒழுகுற கழுதை" என்றேன். டைல்ஸ்காரன் திரும்பிப் பார்த்தான், பரிமாறுகிற பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தலை அசையவில்லை. முட்டைக்கோஸை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள்.

என் திட்டைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவளா அவள்? கேட்கவில்லை. கடலில் அந்த "வர்றேன்" சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்காது.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். பலகையைத் தாண்டி உள்ளே போய் அவள் முகத்துக்கு நேராக நின்றேன்.

"காது எப்போலேந்து இப்படி இருக்கு, அண்ணி?"

"எது எப்படி?"

"கேக்கலேன்னு அவங்ககிட்ட சொல்லிட்டா அந்தக் கருமத்தைத் திங்க வேண்டாமே."

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். "சொன்னா டாக்டர் நாளைக்கு எவன் வாயிலயாவது பல்லப் புடுங்கிக்கிட்டே சொல்லுவாரு. அந்த வாய் டெப்போவுக்குப் போகும். காது கேக்காதவ கையில வண்டியக் குடுப்பாங்களா?"

"அதுக்கு, திருடின்னு பேரு வாங்கினாப் பரவாயில்லையா?"

"திருடிக்கு லைசென்ஸ் உண்டு. செவிடிக்கு இல்ல."

"வருஷா வருஷம் காது சோதிப்பாங்களே?"

"சோதிக்கிற மனுஷன் பின்னால நின்னுக்கிட்டு அதே நாலு நம்பரத்தான் முணுமுணுப்பாரு, பதினஞ்சு வருஷமா. எனக்கு மனப்பாடம்." சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "போய்ச் சொல்லு. உனக்கு அதானே வேணும்."

நான் சொல்லவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் குடுமி என் கையில் இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான். குடும்பத்தில் நாலு பேர் கூடும்போது நான் வாயைத் திறந்தாலே அவள் அவசரமாகப் பேச்சை மாற்றுவாள். மூன்று மாதம் அந்த ருசியை அனுபவித்தேன்.

அப்புறம் ஒரு மழை நாள். வேலைக்குப் போக நாலாம் நம்பரில் ஏறியிருந்தேன். இறங்குகிறவர்கள் பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும், டிரைவருக்கு முன்னால் சிவப்பு விளக்கும் எரியும். அவள் அந்த விளக்கையும் பக்கக் கண்ணாடியையும் வைத்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கண்ணாடி முழுக்க மழைத் தண்ணீர். சந்தை நிறுத்தத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஒருவர் பின் கதவால் இறங்கினார். குறுக்கே மாட்டியிருந்த தோல்பையின் வார் கதவில் சிக்கிக்கொண்டது. வண்டி நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார், பிறகு ஓடினார், கதவை அறைந்தார். வண்டி முழுக்க "நிறுத்து, நிறுத்து" என்று கத்தல். ஒரு பெண் மணியை அழுத்திக்கொண்டே இருந்தாள். விளக்கு எரியவில்லை, பல்பு போயிருந்தது. பலகை நிமிர்ந்து உட்கார்ந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கியரை மாற்றினாள்.

நான் முன்னால் ஓடி அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஓட்டும்போது தொடாத" என்றாள்.

"பின்னால பாருங்க" என்று அவள் முகத்துக்கு நேராகக் கை நீட்டிக் காட்டினேன்.

பிரேக் போட்டாள். வார் அறுந்து அந்த மனுஷன் சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார். முழங்கால் தோல் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. அவள் இறங்கிப்போய் அவரைத் தூக்கினாள். அவர் என்னவோ சொன்னார். அவள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் புகார் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். மறுநாள் காலை டெப்போ மேனேஜர் அறைக்குப் போய் நின்றபடியே சொன்னேன். காது, நாலு நம்பர், முட்டைக்கோஸ், எல்லாம்.

மூன்றாம் நாள் அவள் எங்கள் கடை அடுப்படிக்கே வந்துவிட்டாள்.

"திருப்தியா?"

"ஒரு ஆளு செத்திருப்பாரு, அண்ணி."

"செத்தாரா?"

"சாகற வரைக்கும் காத்திருக்கணுமா?"

"மூணு மாசம் காத்திருந்தியே. அப்ப எவன் உயிரும் உன் கண்ணுல படலையா?"

கையிலிருந்த கரண்டியைக் கழுவினேன்.

"உன் கையால செஞ்சதுலயே அந்த முட்டைக்கோஸ்தான் வாயில வைக்கிற மாதிரி இருந்துது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்தார். குளிர்ந்த கடல் தண்ணீரும் காற்றும் வருஷக்கணக்கில் பட்டால் காதுத் துளைக்குள் எலும்பு வளருமாம். வலது காது ஊசி நுழையாத அளவுக்கு அடைத்துப்போயிருந்தது, இடதும் ஏறக்குறைய அப்படித்தான். முதலிலேயே வந்திருந்தால் எலும்பைச் செதுக்கி எடுத்து, இரண்டு மாதத்தில் வண்டியைக் கொடுத்திருப்பார்களாம். வயசாகிவிட்டதால் செவிடு என்று அவளாக நினைத்துக்கொண்டு மறைத்திருக்கிறாள். செதுக்கினார்கள். கேட்க ஆரம்பித்தது. ஆனால் சோதனையில் வருஷக்கணக்காக ஏமாற்றினவளுக்குத் திரும்ப வண்டி இல்லை என்று டெப்போ எழுதிக் கொடுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் செய்தித்தாள் விரிக்கிற வேலை இல்லாமல் போனது அவருக்கு என்னவோ மாதிரி இருந்தது.

பல் டாக்டர் பழக்கூடையோடு அவள் வீட்டுக்குப் போனார். கூடப் போன டைல்ஸ்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"கேக்கலேன்னு தெரிஞ்சிருந்தா தண்டனையே குடுத்திருக்க மாட்டோம். அந்தத் திருட்டெல்லாம் கணக்குலயே இல்ல" என்றாராம் டாக்டர்.

"அதெல்லாம் இருக்கு" என்றாளாம் பலகை. "குறுக்க எறங்கினேன், தின்னேன். யாரும் எனக்குப் பாவம் பாக்க வேண்டாம். அந்தக் கூடையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புங்க."

அவர்களோடு அவள் கடலில் இறங்கவில்லை அதற்குப் பிறகு.

இப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. டெப்போ வாசல் கூண்டில் உட்கார்ந்து, வண்டிகள் போகிற வருகிற நேரத்தை எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, முனைக்கு அந்தப் பக்கம் தனியாக அலை சறுக்குகிறாள். பிறகு கடற்கரைத் தெருவில் வாரம் ஒரு கடையாகத் தனியாகச் சாப்பிடுகிறாள். ஏழாவது கடையைத் தாண்டிப் போகிறாள்.